முனியப்பனைச் சுற்றி வந்த போன்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் கம்பெனி ஒரு போனும், ஒரு தொப்பியும், தலையணை கனத்துக்கு ஒரு பயிற்சிப் புத்தகமும் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்தப் புத்தகத்தை எனக்கும் ஒன்று அனுப்பினார்கள். ஓய்வு பெற்றவளுக்குப் பொழுது நிறைய இருக்கிறது, அட்டை முதல் அட்டை வரை படித்தேன். எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். இரண்டே இரண்டு விஷயங்கள்தான் அதில் இல்லை. கரடியூர்ப் பக்கம் போனால் நல்ல டீ எங்கே கிடைக்கும் என்பது ஒன்று. முனியப்பன் இன்னொன்று. டீயை நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள். முனியப்பனைப் பற்றி நான் சொல்லிவிடுகிறேன்.

என் சாதனைகளை எழுதச் சொல்லித்தான் கேட்டார்கள். சாதனை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஏற்காட்டு மலையில் சிறு விவசாயிகளிடம் காப்பி வாங்கி, சேலத்துக்கு இறக்கி, அது கண்டெய்னரில் ஏறும்வரை பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். கடைசி சில வருடங்களில்தான் ஐரோப்பாவின் இந்தக் காடழிப்புத் தடைச் சட்டம் வந்து சேர்ந்தது. அதுவரை காப்பிக் கொட்டையில் பூச்சி இருக்கிறதா, ஈரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த நாங்கள், அதன் பிறகு கொட்டைக்கு ஜாதகம் எழுத ஆரம்பித்தோம்.

சட்டம் நல்ல சட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2020 முடிந்த பிறகு காடு வெட்டிய நிலத்தில் விளைந்த காப்பி ஐரோப்பாவுக்குள் வரக் கூடாது. யார் வேண்டாம் என்று சொல்லப் போகிறார்கள்? அதை நிரூபிக்க, காப்பி விளைந்த ஒவ்வொரு நிலமும் பூமியில் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சின்ன நிலம் என்றால் ஒரு புள்ளி வைத்தால் போதும் என்று சட்டமே சொல்கிறது. எங்கள் காப்பியை வாங்கும் கம்பெனி சட்டத்தைவிடக் கறாரான கம்பெனி. புள்ளியெல்லாம் வேண்டாம், எல்லை முழுவதும் வேண்டும் என்றார்கள். சட்டத்தையே ஒத்திவைத்தார்கள், மறுபடியும் ஒத்திவைத்தார்கள். இவர்கள் மட்டும் எதையும் ஒத்திவைக்கவில்லை.

எல்லை எடுக்கும் முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். நிலத்துக்காரர், அல்லது அவர் அனுப்பும் ஆள், கையில் போனோடு எல்லையை ஒரு சுற்று நடக்க வேண்டும். நடந்த வழியைப் போன் கோடாக வரைந்துகொள்ளும். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்ததும் கோடு மூடிக்கொள்ளும், உள்ளே இருப்பது தோட்டம். அதை மேலே பறக்கும் செயற்கைக்கோள் எடுத்த படத்தோடு வைத்துப் பார்ப்பார்கள்.

அந்தப் படம் முதல் வருடமே எங்களைப் படாத பாடு படுத்தியது. நம் மலையில் காப்பிக்கு நிழல் சில்வர் ஓக் மரம். மழைக்கு முன்னால் அதன் கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடுவோம், இது வருடா வருடம் நடப்பது. மேலே இருந்து பார்த்த படம் பதறிப்போய்க் காட்டை அழித்துவிட்டார்கள் என்றது. மழை பெய்து கிளை தழைத்ததும் அதே படம் அதே இடத்தைக் காடு என்றது. அப்படியாவது விட்டார்களா? காட்டுக்குள் எப்படிக் காப்பி வந்தது என்று அடுத்த கேள்வி. ஆக எங்கள் தோட்டங்கள் வருடத்தில் பாதி அழிக்கப்பட்ட காடாகவும், மீதிப் பாதி ஆக்கிரமிக்கப்பட்ட காடாகவும் இருந்தன. தோட்டமாக அவை ஒரு நாள்கூட இருக்கவில்லை. அதையெல்லாம் விளக்கக் கடிதம் எழுதிச் சமாளித்தோம். முனியப்பனை அப்படிச் சமாளிக்க முடியவில்லை.

கரடியூருக்குக் கொஞ்சம் கீழே மாரியம்மா என்று ஒரு விவசாயி. அவளைப் பெற்றவர்கள் சமவெளியிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்தவர்கள். அவளும் பல வருடம் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவள்தான். கணவர் ஜீப் ஓட்டுகிறார், அவர் ஹாரன் அடிக்கும் அளவுக்குக்கூட வாயைத் திறக்க மாட்டார். இருவரும் சேர்த்த காசில் ஒரு சரிவு நிலம் வாங்கிக் காப்பி வைத்தார்கள். என் அனுபவத்தில் அவ்வளவு சுத்தமாகப் பழம் பறித்துக் காய வைப்பவர்கள் குறைவு. அந்த வருடம் கரடியூர்ப் பக்கத்துச் சிறு விவசாயிகள் எல்லாருடைய காப்பியையும் சேர்த்து ஒரே லாட்டாக அனுப்ப ஏற்பாடு. வெள்ளிக்கிழமை மாலை சேலத்தில் கண்டெய்னருக்கு சீல் வைக்க வேண்டும். எல்லார் எல்லையும் எடுத்தாகிவிட்டது, மாரியம்மாவுடையதுதான் பாக்கி.

திங்கட்கிழமை போனேன். எனக்கு முட்டி வலி, அந்தச் சரிவில் இறங்கினால் ஏறுவதற்கு ஆள் பிடிக்க வேண்டும். போனை அவள் கையில் கொடுத்துவிட்டு மேலே பாறையில் உட்கார்ந்துகொண்டேன்.

"ஏனுங்க மேடம், இந்தப் போனுக்கு வழி தெரியுமுங்களா, நாந்தான் காட்டோணுங்களா?" என்றாள்.

"நீங்க காட்டுங்க. அது கத்துக்கும்."

போனாள், ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள், கொடுத்தாள். நானும் அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை அவள் தோட்டம் சிவப்பாக, அதாவது ஏற்க முடியாது என்று, திரும்பி வந்தது. காரணம்: எல்லைக்கோடு தன்னைத் தானே வெட்டிக்கொள்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மற்ற மூன்று பக்கமும் ஒழுங்கான கோடு. வடகிழக்கு மூலையில் மட்டும் நூல்கண்டைக் குழந்தை இழுத்துப்போட்டது போல ஒரு முடிச்சு.

ஜீப் பிடித்துத் திரும்பப் போய், "அந்த மூலையில என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணலீங்களே. முனியப்பன் இருக்கறாருங்க. செருப்பைக் கழட்டிப்போட்டு மூணு சுத்துச் சுத்திக் கும்புட்டுட்டு வந்தனுங்க."

அந்த மூலையில் நாவலும் அத்தியும் பின்னிக்கொண்டு நிற்கின்றன. நடுவில் ஒரு கல், முன்னால் மண்ணில் நட்ட அரிவாள்கள், ஒரு மணி. அவரைச் சுற்றாமல் அந்தப் பக்கம் யாரும் தாண்டுவதில்லை. மூன்று சுற்றுச் சுற்றினால் கோடு தன்னைத்தானே வெட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? நியாயமாக நடந்துகொண்டது கோடுதான்.

"ஒரே ஒரு தடவ சுத்தாம வந்துருங்களேன் மாரியம்மா. போன் வேலைன்னு அவருக்குத் தெரியாதா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் இந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டேன். நீங்கள் கேட்பீர்கள், நீங்களே இறங்கி நடந்திருக்கலாமே என்று. நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், மிஷன் ஸ்கூலில் படித்தவள். முட்டி வலிக்கிறது என்றேன்.

பக்கத்துத் தோட்டம் அருளப்பனுடையது. சர்ச் பாடகர் குழுவில் அவர் குரல்தான் கனம், அவர் தும்மினால் சுவரில் படம் ஆடும். மாரியம்மா சார்பில் அவர் நடக்கட்டும் என்று முடிவு செய்தோம். அவரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க மேடம், நானு ஞானஸ்நானம் வாங்குனவன். எனக்கென்னங்க பயம்? குடுங்க போனை."

கொடுத்தேன். நடந்து முடித்து வந்தார். மறுநாள் மறுபடி சிவப்பு. அதே மூலை, அதே முடிச்சு. அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன்.

"கும்புடலீங்க மேடம்," என்றார். "மரியாதைக்குத்தானுங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரரைத் தாண்டிப் போறப்ப ஒரு வார்த்தை விசாரிக்காம போனா நல்லாவாங்க இருக்கும்?"

"ஒரு வார்த்தை விசாரிக்க மூணு சுத்தா?"

"அவரு பதில் சொல்லலீங்களே."

அதற்குள் புதன்கிழமை ஆகிவிட்டது. இப்போது நீங்கள் எல்லாரும் மனதுக்குள் ஒரு யோசனை சொல்கிறீர்கள், எனக்குக் கேட்கிறது. போனைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றிவிட்டு, திரும்ப எடுத்துக்கொண்டு நடந்தால் ஆகாதா? எனக்கும் அந்த அறிவு இருந்தது. அன்று மத்தியானமே மாரியம்மாவை அழைத்து அப்படியே செய்யச் சொன்னேன். இந்த முறை மேலே பாறையில் உட்காராமல் பாதிச் சரிவு இறங்கி, மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். அவள் மூலைக்குப் போனாள். போனைக் கல்லுக்கு முன்னால் ஒரு வெற்றிலை மேல் வைத்தாள். அதற்கும் கொஞ்சம் திருநீறு பூசினாள். மூன்று சுற்றுச் சுற்றினாள், கற்பூரம் காட்டினாள், அணையும்வரை நின்றாள். போனை எடுத்துக்கொண்டு நேராக நடந்து வந்தாள். நானும் அருளப்பனும் அங்கேயே போனைத் திறந்து பார்த்தோம்.

முடிச்சு இருந்தது. முந்தைய இரண்டு முடிச்சையும்விடப் பெரிய முடிச்சு.

காரணம் ஒன்றும் மாயமில்லை. மரம் அடர்ந்த இடத்தில் போனுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று சரியாகத் தெரியாது. வைத்த இடத்திலேயே இருக்கும்போதும் அங்கே போனேன், இங்கே வந்தேன் என்று குறித்துக்கொண்டே இருக்கும். இது உங்கள் புத்தகத்தில் நான்காம் பாடத்தில் இருக்கிறது. நான் அதை விளக்குவதற்குள் அருளப்பன் திரையைப் பார்த்துவிட்டார். அவருடைய கனத்த குரல் முதல் தடவையாக மெலிந்து வந்தது.

"மேடம்... போனு சுத்தியிருக்குதுங்க."

மாரியம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிவிட்டாள்.

நான் ஜீப்பில் ஏற்காடு பஜாருக்குப் போய்ச் சேருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. டீக்கடைக்காரர் கிளாசை நீட்டிக்கொண்டே, "ஏனுங்க, உங்க போனு சாமி கும்புட்டுச்சாமா?" என்றார். வியாழக்கிழமை காலையில் வெள்ளக்கடையிலிருந்தெல்லாம் டூவீலரில் ஆட்கள் வந்து மாரியம்மா தோட்ட மூலையில் தங்கள் போன்களை வரிசையாக வைத்துவிட்டுக் கை கட்டி நின்றார்கள். தன் போன் பழசு, அதனால்தான் சுற்றவில்லை என்று ஒருவர் வருத்தப்பட்டார். ஒருவருடைய போனில் அந்த நேரம் பார்த்து ஒரு பெண் கூப்பிட்டு லோன் வேண்டுமா என்று கேட்டிருக்கிறாள். அதையே வாக்காக எடுத்துக்கொண்டு அவர் சந்தோஷமாகத் திரும்பிப் போனாராம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சேலத்திலிருந்து மேனேஜர் கூப்பிட்டார்.

"ஒரு தோட்டம்தானே மேடம், தூக்கிருங்க. மத்தவங்க மூட்டையாவது ஏறட்டும்."

"தூக்கினா காரணம்னு எந்தக் கட்டத்துல போடுறதுங்க சார்?"

"ஒரே கட்டம்தான் இருக்கு. காடழிப்பு அபாயம்."

கவனியுங்கள், இதுதான் இந்த வேலையில் உண்மையாகவே ஆபத்தான இடம். நடக்கும்போது சாமி கும்பிட்டவளுக்குத் தனிக் கட்டம் கிடையாது. சிவப்பு என்றால் ஒரே சிவப்புதான். அதில் ஒருமுறை பெயர் விழுந்தால் அடுத்த வருடம் வாங்க வருகிறவர்களும் அதைத்தான் பார்ப்பார்கள். அந்த வருட விளைச்சல் மட்டுமல்ல, அதற்குப் பிறகு அவள் விளைவிக்கும் ஒவ்வொரு பழமும் அந்தப் பெயரோடுதான் வெளியே போகும்.

விஷயம் எப்படியோ அவள் காதுக்கும் போய்விட்டது. மத்தியானம் பஜாரில் எங்கள் ஆபீஸ் மாடிக்கு வந்து, செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு, வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"ஏனுங்க மேடம், காட்டை அழிச்சவன்னு எம்பேரை எழுதப் போறீங்களாமா?"

கையிலிருந்த பேனாவை மூடி வைத்தேன்.

"நா அந்த எடத்த வாங்கறப்ப வெறுங்கல்லும் உண்ணிச் செடியுமுங்க. இன்னைக்கு நிக்கற ஓக்கு மரம் ஒவ்வொண்ணும் நா தண்ணி சொமந்து ஊத்துனது. சாமி மூலைல ஒரு குச்சி ஒடிச்சதில்லீங்க. மூட்டைய வேண்டாமுன்னா போட்டுட்டுப் போங்க, நா கீழ கொண்டு போயி வித்துக்கறேன். அந்தப் பேரு மட்டும் வேண்டாமுங்க. எங்கூட்டுல பொட்டப்புள்ளைக இருக்குதுங்க, நாளைக்கு ஸ்கூல்ல சொல்லுவாங்க."

எனக்கு அப்படிக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. சட்டம் நல்லது, சட்டம் போட்டவர்கள் நல்லவர்கள். வாங்குகிறவர்கள் கறார், ஆனால் அயோக்கியர்கள் இல்லை. மேனேஜருக்குக் கண்டெய்னர் போயாக வேண்டும். இத்தனை நல்லவர்கள் சேர்ந்து, தண்ணீர் சுமந்து மரம் வளர்த்த ஒருத்தியைக் காடழித்தவள் என்று எழுதப் போகிறோம். நானும் அதில் ஒருத்தி. வெட்கமாக இருந்தது.

இன்னொரு வழியும் எனக்குச் சொல்லப்பட்டது. சேலத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஒருவர் முடிச்சைத் திரையிலேயே நிமிர்த்தித் தருகிறேன் என்றார். நடந்து எடுத்த கோட்டைக் கையால் தொட்டால் 'திருத்தப்பட்டது' என்று தனியாக ஒரு குறி விழும், அது ஒருபுறம். நடக்காத வழியை நடந்ததாக அனுப்புவது பொய். உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்ட ஒருத்தியைக் காப்பாற்றப் பொய் சொன்னால், அடுத்த தடவை அவள் உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நெருக்கடியில் எல்லாரும் உங்களிடம் விடை கேட்பார்கள். விடையைத் தேடி ஓடாதீர்கள், கேள்வியைத் திரும்ப ஒருமுறை படியுங்கள். நான் அன்று அதைத்தான் செய்தேன். மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மாரியம்மா நடந்தாள், அருளப்பன் நடந்தார், போன் நடந்தது. மூன்று பேரும் மூன்று விதம், முடிச்சு மட்டும் ஒரே இடத்தில். அப்படியானால் தப்பு நடையில் இல்லை. நடந்த இடத்தில்தான் ஏதோ தப்பு.

"மாரியம்மா, அந்த மூலை யாருது?" என்று கேட்டேன்.

"பட்டா என்னுதுங்க. எடம் அவருது."

"அங்க ஒரு காப்பிச் செடியாவது இருக்கா?"

"என்னுங்க மேடம் இப்படிக் கேக்கறீங்க? சாமி எடத்துல எவளாச்சும் காப்பி வெப்பாளுங்களா?"

சட்டத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். அது கேட்பது பட்டா எல்லையை அல்ல, காப்பி விளைந்த நிலத்தை. காப்பியே இல்லாத மூலையைத் தோட்டம் என்று சொல்லி, அதைச் சுற்றி நடக்கச் சொல்லி, நடந்தது சரியில்லை என்று மூன்று நாளாக ஒரு பெண்ணை அலைக்கழித்திருக்கிறோம். அந்த மூலையை வெளியே விட்டு, காப்பிச் செடியை ஒட்டியே நடந்தால் போதும். முனியப்பன் பக்கமே போக வேண்டியதில்லை.

நான் எழுந்து குதிக்காத குறை. மாரியம்மாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அவரைக் கேக்காம அவரை வெளிய உடறதுங்களா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை அந்த மூலையில் நான், மாரியம்மா, அருளப்பன் மூவரும் நின்றோம். போன் வைக்க வந்தவர்களை அன்றைக்கு மட்டும் அனுப்பிவிட்டோம். பூ வைத்துக் கேட்பது அவர்கள் வழக்கம். கல்லின் தலையில் ஒரு பூவை வைத்துக் கேட்க வேண்டும். அது வலப்பக்கம் விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் இல்லை. மாரியம்மா ஒரு செம்பருத்தியை வைத்து, "உன்ன ஒண்ணும் தள்ளி வெக்கல சாமி, போனுக்குப் புரியலை, அதுக்காவத்தான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பூ விழவில்லை. காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. சேலத்திலிருந்து மேனேஜர் கூப்பிட்டார்.

"மேடம், என்ன நிலவரம்?"

"பூ வெச்சிருக்கோம் சார்."

"எப்ப முடியும்?"

"விழணும்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் வைத்துவிட்டேன். வெயில் ஏறியது. முட்டி கெஞ்சியது. அப்போது அத்தி மரத்திலிருந்து ஒரு குரங்கு இறங்கி வந்தது. எங்கள் மூவரையும் ஒரு பார்வை பார்த்தது. கல்லின் மேலிருந்த செம்பருத்தியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது.

பூ வலப்பக்கமும் விழவில்லை, இடப்பக்கமும் விழவில்லை. இதற்கு என் பயிற்சியிலும் பதில் இல்லை, முனியப்பன் வழக்கத்திலும் இல்லை. கண்டெய்னர், லாட்டு, மாரியம்மாவின் பெயர் எல்லாமே அந்தக் குரங்கின் வயிற்றில் போய்விட்டது என்று நினைத்தேன்.

மாரியம்மா மெதுவாகக் கேட்டாள்: "எந்தக் கைல எடுத்துச்சுங்க?"

நான் கவனிக்கவில்லை. சத்தியமாகக் கவனிக்கவில்லை.

"சோத்துக் கைதானுங்க," என்றார் அருளப்பன். "நா கண்ணால பாத்தனுங்க."

"நெசமாலுமா அண்ணா?"

"சர்ச்சுல பாடறவன் பொய் சொல்லுவனா?"

அவ்வளவுதான். மாரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, காப்பிச் செடியை ஒட்டியே நடந்தாள். அதற்குள் அருளப்பன் கையைப் பிடித்து மேலே பாறைக்கு ஏறியிருந்த நான், மூலை வந்ததும் அவள் கால் தயங்கியதைப் பார்த்தேன். அவள் முனியப்பன் பக்கம் முகத்தைத் திருப்பி, "இத முடிச்சுப்போட்டு வந்தர்றனுங்க" என்று உரக்கச் சொன்னாள். நேராக நடந்து வந்து, கோடு மூடியதும் போனை என் கையில் திணித்தாள். வந்த வேகத்திலேயே திரும்பி ஓடி மூன்று சுற்றுச் சுற்றினாள். அருளப்பனும் பின்னாலேயே போனார், விசாரிக்கத்தான் போயிருப்பார்.

பஜாருக்கு வந்து அனுப்பினோம். பச்சை. மாரியம்மா பச்சையைத் தொட்டுப் பார்த்தாள். மேனேஜருக்குச் சொல்லலாம் என்று போனை எடுக்கும்போதே வாங்கும் கம்பெனியின் சரிபார்ப்பு அலுவலர் வீடியோவில் வந்தார். நல்ல பிள்ளை. எதைச் சொன்னாலும் முதலில் 'புரிகிறது' என்பார், பிறகு அதையே மறுபடி கேட்பார்.

எல்லை சரியாகிவிட்டது, மகிழ்ச்சி என்றார். ஆனால் மாரியம்மா தோட்டத்துக்கும் அருளப்பன் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு சிறு துண்டு இப்போது யார் கணக்கிலும் இல்லை. செயற்கைக்கோள் படத்தில் அந்தத் துண்டு அடர்ந்த காடாகத் தெரிகிறது. அந்தப் பக்கத்துச் சிறு தோட்டங்களிலேயே சந்தேகமில்லாத காடு என்று படம் சொல்வது அது ஒன்றைத்தான். அது யாருடையது?

"முனியப்பனுடையது," என்றேன்.

"புரிகிறது. திரு. முனியப்பன் காப்பி பயிரிடுகிறாரா?"

"இல்லை. சுருட்டு மட்டும்தான்."

"அவருடைய தொடர்பு எண் கிடைக்குமா?"

"அவரிடம் போன் கிடையாது. ஆனால் நிறையப் போன்கள் அவரிடம் வந்து போகின்றன."

இதற்கு மேல் விளையாடக் கூடாது என்று, அவர் எங்கள் எல்லைச் சாமி, எங்கள் எல்லாருக்கும் முன்னாலிருந்தே அங்கே இருக்கிறார், பட்டா மட்டும் மாரியம்மா பேரில் என்று ஒழுங்காக விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். புரிகிறது என்றார். ஆனால் பக்கத்து நில அபாயம் என்று ஒரு கட்டம் இருக்கிறதாம், அதைக் காலியாக விட்டால் மாரியம்மாவின் தோட்டம் மறுபடி சிவப்பாகிவிடுமாம். அடுத்து இந்தக் காட்டை யாரும் வெட்டிக் காப்பி வைத்துவிட மாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அதை நிலத்துக்காரரே தன் வாயால் சொல்ல வேண்டும்.

சேலத்தில் சீல் வைக்கும் ஆட்கள் காத்திருந்தார்கள். நான் மாரியம்மா பக்கம் திரும்பி, "முனியப்பன் காட்டை நாளைக்கு எவனும் வெட்ட மாட்டான்னு என்ன உத்தரவாதம்னு கேக்கறாரு" என்றேன்.

அந்த வாரம் முழுக்கத் தலை குனிந்து நின்றவள் நிமிர்ந்து அந்தத் திரையைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், அந்த மாடி முழுக்கக் கேட்கும்படி.

"வெட்டிப் பாக்கச் சொல்லுங்க."

ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அதை ஆங்கிலத்தில் சொல்லி, கட்டத்திலும் அப்படியே தட்டச்சு செய்தேன். அந்தப் பக்கம் அவர் வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார். அந்த ஒரு தடவை மட்டும் அவர் 'புரிகிறது' என்று சொன்னதும் திரும்பக் கேட்கவில்லை. கட்டம் பச்சையாக மாறியது, பக்கத்தில் எழுத்து வந்தது: அபாயம் இல்லை.